குறிகட்டுவானில் நான் சொன்ன 'யெஸ்'

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறும்போதே அந்த இங்கிலீஷ் ரீச்சர்மேல் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. நெடுந்தீவில் இருக்கும் என் தங்கை மகள் தர்சினிக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை லண்டனில். ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் பாஸானால்தான் விசா. பிள்ளை இரண்டு தரம் கோட்டை விட்டுவிட்டாள். வருகிற வியாழன் மூன்றாம் தரம். இதிலும் தவறினால் என்ன செய்வதென்று மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டார்களாம். இந்த நேரத்தில் அவள் தீவிலேயே படிக்கப் போவது, துபாய் ஹோட்டலில் அறை துப்புரவாக்கிவிட்டு வந்த ஒருத்தியிடம்! மூன்று கிழமையாக இலக்கணமும் இல்லை, 'இஸ்கூல்' என்பதை 'ஸ்கூல்' ஆக்கும் பயிற்சியும் இல்லை. 'விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குகிறாளாம். இதற்கு ஒரு ரீச்சரா? கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், முப்பது வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதியவன் நான். வகுப்பை நிறுத்திவிடுவது என்றே புறப்பட்டேன்.

ரிக்கற் நூற்று எண்பது ரூபா. வேலணை, புங்குடுதீவு தாண்டி எட்டு மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் இங்கிருந்துதான். முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் வந்து ஒரே மூச்சில் ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டினேன். மரியாதையாகக் கேட்கும் ஆளுக்கு, விளங்காவிட்டாலும் ஓம் போடுவதுதானே எங்கள் பழக்கம். அவள் நன்றி சொல்லி, என் பின்னாலேயே நெடுந்தீவுப் படகில் ஏறினாள்.

நயினாதீவுக் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது அவள் எழுந்து நிலைகொள்ளாமல் அதையே பார்த்தாள்; படமும் எடுத்தாள். எனக்கு அவள்மேலும் சந்தேகம் வந்தது.

"உவ ஏன் அண்ணை அந்தரப்படுறா?" என்றார் படகுக்காரர்.

"கவனமா இரும். கடற்படைக்காரரைப் படம் எடுக்கிறாவோ, ஆர் கண்டது" என்றேன்.

ஒன்பதே கால். நெடுந்தீவுத் துறையில் தர்சினி ஸ்கூட்டரோடு நின்றாள். அந்தப் பெண் நேரே அவளிடம் போய்ப் பேசத் தொடங்கினாள். நான் அவசரமாகக் கிட்டப் போனேன். இரண்டு பரீட்சையிலும் என்ன கேட்டாலும் 'யெஸ்' என்று சிரித்துவிட்டு வந்தவள் தர்சினி.

"சொறி, ஐ டிட் நொட் அண்டர்ஸ்டாண்ட். பிளீஸ் சே இற் அகெய்ன்" என்றாள் தர்சினி. கொஞ்சமும் கூசாமல் மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, உவ நயினாதீவுக்குப் போகவேண்டியவ. இது நயினாதீவுப் படகோ எண்டு அங்கால துறையில ஒரு ஐயாவைக் கேட்டவவாம். அவர் ஓம் எண்டவராம்."

"எந்த விசரன் அப்பிடிச் சொன்னவன்?" என்று சத்தம் போட்டேன்.

தர்சினி அதை ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண்ணின் விரல் என்னைக் காட்டியது. கடலுக்குள் குதித்திருக்கலாம் போல இருந்தது. தர்சினி சிரித்திருந்தாலும் பரவாயில்லை, சிரிக்கவில்லை. திரும்பும் படகு இரண்டரைக்கு என்று சொல்லி, தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்த்து வர ஓட்டோ ஒன்றும் பிடித்துக் கொடுத்தாள். அப்போதும் 'ஸ்டாப்' என்பதை 'இஸ்டாப்' என்றுதான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளங்கியது.

பதினொரு மணிக்கு வகுப்புக்குப் போனேன். ரீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். கதிரை எடுத்துப் போட்டார்.

"எங்கட சனத்துக்கு இங்கிலீஷ் வராமல் இல்லை, ஐயா. விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கம். துபாயில நானும் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, அறைக்குள்ள போய் அழுதனான்."

"உச்சரிப்பு?" என்றேன், விடாமல்.

"வியாழனுக்கு முன்னம் முழுக்கத் திருத்த ஏலாது, ஐயா." மழுப்பாமல் சொன்னார். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க நினைத்து வந்ததை விட்டுவிட்டேன்.

இரண்டே கால், துறை. அந்தப் பெண் திரும்பி வந்து, என்னைப் பார்த்து ஒரே மூச்சில் மறுபடியும் ஏதோ கேட்டாள். தர்சினி பார்த்துக்கொண்டு நின்றாள். தலை தன்பாட்டில் ஆடப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

"சொறி, ஐ டிட் நொட் அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். முப்பது வருடக் கச்சேரி ஆங்கிலத்தில் ஒருநாளும் எழுதாத வசனம். அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்; இது குறிகட்டுவான் படகா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

படகில் கால் வைக்கும்போது தர்சினி கேட்டாள்: "வகுப்பை நிப்பாட்டத்தானே மாமா வந்தனீங்கள்? நிப்பாட்டவோ?"

"இல்லைப் பிள்ளை. வியாழக்கிழமையும் உப்பிடியே கேள்."