பிரிக்காத மூட்டை

சண்டை வந்தால் எல்லையில் நிற்பவர்கள்தான் சாவார்கள் என்று பதினாறு வயதில் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைப் போக்கியது மதராஸ் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு வாசலோரம் கிடந்த ஒரு தோல் மூட்டை.

அத்தாவுக்குத் தோல் தரம் பார்க்கும் வேலை. மதராஸ் வியாபாரிகளும் கராச்சி வியாபாரிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சரக்கின் தரத்தில் தகராறு வந்தால், கராச்சியில் மாதிரித் தோல்களைக் கோணியில் மூட்டையாகத் தைத்து, அரக்கு முத்திரை வைத்து அத்தாவுக்கு அனுப்புவார்கள். சங்கக் கூட்டத்தன்று அங்கிருந்து ஒருவர் வருவார். அவரும் அத்தாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தையலைப் பிரிக்க வேண்டும். ஒருவர் மட்டும் பிரித்தால் அந்தத் தீர்ப்பு செல்லாது. நாடு இரண்டான பிறகும் சங்கம் ஒன்றாகவே இருக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். அத்தா அதை அப்படியே நம்பினார்.

அக்காவைக் கராச்சியில்தான் கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே சங்கக் கிடங்கில் மூட்டை தைப்பவர். அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் மச்சானே கொண்டுவந்து விடுவார், யாரும் அலைய வேண்டாம் என்று கடிதம் வந்திருந்தது. அம்மா பழைய புடவைகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கி வைத்தாள்.

அந்தச் சமயத்தில் காஷ்மீரில் சண்டை மூண்டது. கூட்டத்துக்கென்று மூட்டை வந்து சேர்ந்துவிட்டது, ஆள் வரவில்லை. கூட்டமும் நடக்கவில்லை. இங்கிருந்த சங்கக் கிடங்கையும் பூட்டிவிட்டதால் அத்தா மூட்டையை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். நாற்றம் தாங்கவில்லை.

"இன்னாத்துக்கு இத்த கட்டிகினு அழுவுறீங்க? பிரிச்சி உள்ள இருக்கறத தூக்கிப் போடுங்க" என்றாள் அம்மா.

"அவுங்க ஆளு வராம நான் எப்பிடி பிரிக்கறது? சண்ட இன்னிக்கி இருக்கும், நாளிக்கி ஓயும். சங்கம் எங்கியும் போவாது" என்றார் அத்தா.

இந்த நாணயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிகிறது.

ஏழாம் மாதம் போயிற்று. அக்கா வரவில்லை, கடிதமும் இல்லை. இரண்டு தந்திக்கும் பதில் இல்லை. அத்தா தானே போய்ப் பார்க்கிறேன் என்று சட்டையை மாட்டினார். அம்மாதான் தடுத்தாள். "அவ வந்துகினு இருப்பா. நீங்க அங்க போயி, அவ இங்க வந்து நின்னா?" அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தினமும் தபால் வரும் நேரத்துக்கு அம்மா வாசலுக்கு வந்து, அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். நாற்றம்கூடப் பழகிவிட்டது.

கடைசியில் மச்சானிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் மௌத்; இரண்டு உயிரும் போய்விட்டது. பார்க்க ஒரு மருத்துவச்சிகூடக் கிடைக்கவில்லையாம். கார்டு வந்து சேரவே ஒரு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அத்தா எழுந்து தோல் சீவும் கத்தியை எடுத்து வந்தார். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முத்திரையை உடைத்துத் தையலை ஒரே இழுப்பாக அறுத்தார். இரண்டாவது தோலின் மடிப்பிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. அக்காவின் கையெழுத்து. நான்தான் படித்தேன்.

"அத்தா, இவருக்கு லீவு இல்லன்னுட்டாங்க. தபால நம்ப முடியல. கூட்டத்தன்னிக்கி நீங்கதான் இத்த பிரிப்பீங்க, உங்க கைக்கே வந்துரும்னு இவரு சொன்னாரு. அதான் உள்ள வெச்சித் தைக்க சொன்னேன். இத்த பாத்த ஒடனே வந்து கூட்டிகினு போங்க. எனக்கு பயமா கீது."

அத்தா மறுபடி படிக்கச் சொன்னார். அம்மா பக்கத்தில் வந்து, அறுந்து கிடந்த கோணியைக் கையால் தடவிப் பார்த்தாள். மாதக்கணக்காக அக்காவின் கடிதம் வருமா என்று அவள் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.