விமானம் வைத்திருப்பவர் வீட்டுப் பெண்

ராணுவம் கழித்துவிட்ட ஜெட் விமானத்தை ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டால் அரசாங்கம் என்னென்ன கேட்கும் என்பது தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் இருக்க வாய்ப்பில்லை. நான் ஒருவன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. கோப்பு என் மேசைக்கு வந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் இல்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தபோது எங்களைத் திருச்சி ஜில்லாவில் சேர்த்திருந்தார்கள். சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நான், இணைப்புக்குப் பிறகு பழைய விதிகளை மறந்து, புதிய விதிகளைப் படித்து, ஒரு தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக உட்கார்ந்திருந்தேன். பழைய விதிகளில் யானை வைத்திருப்பவர்களைப் பற்றி ஏதோ இரண்டு வரி இருந்ததாக ஞாபகம். விமானத்துக்குப் பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை.

விராலிமலைக்கு மேற்கே சில மைல் தள்ளி ஓர் ஊர். அங்கே ஒருவர் ஆயில் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று ராணுவத்தின் டிஸ்போசல் ஏலத்துக்குப் போனார். அங்கே கழித்த சாமான்களைக் குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். குவியலைப் பிரித்துத் தரமாட்டார்கள். ஜெனரேட்டர் இருந்த குவியலில் காலி பீப்பாய்களும் கிழிந்த கூடாரத் துணியும் ஒரு ஜெட் போர் விமானமும் இருந்தன. ஏலம் அவர் பேரில் முடிந்தது. எல்லாம் லாரிகளில் ஊர் வந்து சேர்ந்தன. விமானத்தின் உடம்பைப் புளியமரத்தடியில் நிறுத்தி, இறக்கைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஜெனரேட்டரை மட்டும் பட்டறைக்குள் கொண்டுபோனார்.

விமானத்தை வெட்டி, அலுமினியத்தைப் பாத்திரக்காரர்களுக்கு விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். ஏலச் சீட்டின் பின்பக்கத்தை அவர் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை; என்னைப் போன்றவர்கள் சம்பளம் வாங்குவதே அந்தப் பின்பக்கத்தை நம்பித்தான். மேலிடத்து அனுமதி வரும்வரை விமானத்தை வெட்டக் கூடாது, விற்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, படம் எடுக்க விடக் கூடாது, பறக்கச் செய்யக் கூடாது. பிறருக்குக் கொடுப்பதானால், வாங்குபவரைப் பற்றியும் அரசாங்கம் விசாரித்துத் திருப்தி அடைந்திருக்க வேண்டும். உரிமையாளரின் நடத்தையையும் பூர்வோத்தரத்தையும் பற்றி ரகசிய விசாரணை நடக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் எங்களுக்கு வந்தது. பாதி ஆளைப் பற்றியது, அது போலீஸுக்கு. பாதி விமானத்தைப் பற்றியது, அது எனக்கு. சைக்கிளில் போனேன்.

துப்பாக்கிகள் அகற்றப்பட்டுள்ளனவா என்பது முதல் கேள்வி. துப்பாக்கி இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். ஓர் ஓணான் வெளியே வந்தது. அகற்றப்பட்டுள்ளன என்று எழுதிக்கொண்டேன். விமானம் ஓடி எழும்பக்கூடிய சமதரை அருகில் உண்டா என்பது அடுத்தது. ஊர்க் கண்மாய் சித்திரையில் வற்றிச் சமதரையாகக் கிடக்கும். அதையும் எழுதினேன். மழைக்காலத்தில் உபயோகப்படாது என்றும் சேர்த்தேன். தானாக நகருமா என்ற கேள்விக்குப் பட்டறைக்காரரைக் கேட்டேன்.

"தானா எங்கிட்டு சார் நகரும்? தள்ளுறதுக்கே எட்டுப் பேர் வேணும்."

"எட்டுப் பேர் தள்ளினா நகரும்னு எழுதிக்கிறேன்."

"ஐயையோ, அப்பப் பத்துப் பேருன்னு போட்டுக்கங்க சார்."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"போலீசு வீட்டுக்கு வருமாங்க?"

"வீட்டுக்கு வராது. ஊருக்குள்ளே வந்து விசாரிக்கும்."

"இந்த வாரம் வேணாம்னு சொல்ல முடியாதுங்களா? மாப்பிள்ளை வீட்டிலே விசாரிக்க வாரதாச் சொல்லி விட்டிருக்காங்க. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா எம் பொண்ணுக்கு அப்புறம் யாருங்க வருவா?"

பெண்ணுக்கு இருபத்து நாலு வயது. பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. முதலில் வந்த வரன் ஜாதகத்தால் போயிற்று. இரண்டாவது வரன் விமானத்தால் போயிற்று. குண்டு போடும் சாமான் வைத்திருக்கும் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது வந்திருப்பது மூன்றாவது. குன்றாண்டார்கோவில் பக்கம். பையன் விவசாய இலாகாவில் டெமான்ஸ்டிரேட்டர். நல்ல இடம். ஊருக்குள் போலீஸ் இவர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தால் கதை முடிந்தது.

விசாரணையை ஒத்திப்போட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ரகசிய விசாரணையைச் சீருடையில் செய்யக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. திரும்பும் வழியில் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் சொன்னேன்: சாதாரண உடையில் போகவேண்டும், எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லக் கூடாது. புரிகிறது என்றார். ஒருவருக்கு உபகாரம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

போலீஸ் வரப்போகிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரகசிய விசாரணை என்பதால் சீக்கிரமே தெரிந்துவிட்டது. போலீஸ் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்வது என ஊர் முடிவு செய்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் குறை வைக்காமல் நல்லதாகச் சொல்வது என்றும் முடிவு செய்தது. இரண்டு முடிவுகளிலும் தவறு சொல்ல முடியாது.

ஒரு புதன்கிழமை காலையில் பையனின் தகப்பனார் வந்தார். அவர் தபால் இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிராமத் தபால்காரர்கள் போனேன் என்று எழுதும் ஊர்களுக்கு உண்மையிலேயே போனார்களா என்று சைக்கிளில் பின்னாலேயே போய்ப் பார்ப்பது அந்த உத்தியோகம். ஓய்வு பெற்றபோது காக்கி கோட்டு நல்ல நிலையில் இருந்ததால் அதைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். பையில் நோட்டுப் புத்தகம் வேறு. டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினார். அங்கே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

"இந்தப் பட்டறைக்காரர் எப்படிப்பட்டவருங்க?"

"எந்தப் பட்டறைக்காரருங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஊருக்குள்ளே எத்தனை பட்டறை இருக்கு? ஏரோப்ளேன் வச்சிருக்காரே, அவரு."

"ஏரோப்ளேனா? நான் கவனிக்கலைங்களே."

அந்தக் கடையில் உட்கார்ந்தால் எதிரே விமானத்தின் வால் தெரியும். ஓவர்சியர் வாலைப் பார்த்தார். கடைக்காரர் பாய்லரைப் பார்த்தார்.

அடுத்து, பட்டறைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெண்ணைப் பற்றிக் கேட்டார்.

"பொண்ணா? அவுகளுக்குப் பொண்ணே கெடையாதுங்க."

"ஸ்கூல்லே டீச்சரா இருக்கிறதாச் சொன்னாங்களே?"

"அது வேற யாராச்சுமா இருக்கும். நீங்க அங்கிட்டுப் போயி விசாரிங்க." அங்கிட்டு என்று அந்த அம்மா கை காட்டியது ஊருக்கு வெளியே.

ஓவர்சியர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

பதினோரு மணிக்கு ஏட்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. தனியாகப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று மைத்துனரையும் கூட்டிவந்திருந்தார். குடும்பம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, சொந்தக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், வழக்கு வம்பு உண்டா என்று கேட்டார். அரசாங்கம் அனுப்பிய பட்டியலில் இருந்த கேள்விகள்தாம் அவை. பெண் கொடுக்கிற எடுக்கிற வீட்டில் யாரும் கேட்கிற கேள்விகளும் அவைதாம்.

டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். காசு வாங்க மறுத்தார்.

"அந்தக் குடும்பத்தையா கேக்குறீங்க? தங்கம்ங்க. அவரு ஒரு சொல்லு கடிஞ்சு பேசி நான் கேட்டதில்லை. பீடி கூடப் பிடிக்க மாட்டாரு."

பக்கத்து வீட்டு அம்மா கூப்பிடாமலே வந்தார். "எம் மக மாதிரிங்க அது. வத்தக்குழம்பு வச்சா எங்க வீடு வரைக்கும் வாசம் வரும். பள்ளிக்கூடத்துலே ஒரு பிள்ளையை அடிச்சதில்லை."

"சீர் செய்முறை எல்லாம் எப்படி இருக்கும்?" என்று ஏட்டின் மைத்துனர் கேட்டார். இது பட்டியலில் இல்லை. அவருக்கும் வீட்டில் பெண் இருந்தது, பழக்கதோஷம்.

டீக்கடைக்காரர் உபசார வேகத்தில் இருந்தார். "என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? அந்தா நிக்கிது பாருங்க, ஏரோப்ளேன். மாப்பிள்ளைக்குக் குடுக்கணும்னுதானே வாங்கிப் போட்டிருக்காரு!"

அந்த ஏட்டு நேர்மையானவர். சாட்சிகள் சொன்னது எதையும் விடமாட்டார். இரண்டு நாளில் அவர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. முதல் பத்தியில் பட்டறைக்காரர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்றிருந்தது. இரண்டாம் பத்தி வத்தக்குழம்பு. மூன்றாம் பத்தி: 'மேற்படி விமானத்தைத் தமது வருங்கால மருமகனுக்குக் கொடுக்க மேற்படியார் உத்தேசித்திருப்பதாகத் தெரியவருகிறது.'

அன்று மாலையே பட்டறைக்காரர் வந்தார். எதிரே உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சரிப்படாதுன்னு சொல்லி விட்டுட்டாங்க சார். ஊருக்குள்ளே நம்மளை யாருக்குமே தெரியாதாம். எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொன்னாங்களாம்."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"'பேசாம என்னைய அந்த ஏரோப்ளேனுக்கே கட்டிக் குடுத்துருங்கப்பா'ன்னுட்டு ஸ்கூலுக்குப் போயிருச்சு."

அவருடைய குடும்பத்தைப் பற்றி அந்த ஊர் சொன்ன எல்லா நல்ல வார்த்தைகளும், எழுத்து மூலமாக, என் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றை அவரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ காட்டினால் என் வேலை போகும். வேலை போகாது என்றாலும் காட்டியிருக்க மாட்டேன். ரகசியம் என்றால் ரகசியம். அவர் போன பிறகு அறிக்கையை எடுத்து இன்னொரு முறை படித்தேன். மூன்றாம் பத்தியில் நின்றேன்.

விமானம் ஒருவருக்குக் கைமாறுவதாக இருந்தால், அந்த ஒருவரையும் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால் பின்னால் ஏன் விடப்பட்டது என்று என்னைத்தான் கேட்பார்கள். பையனுக்காக அவன் தகப்பனாருக்கு ஒரு நோட்டீஸ் தயார் செய்தேன். பட்டறைக்காரருக்கும் அதே தேதி, அதே நேரம் போட்டு இன்னொன்று.

தாசில்தார் இரண்டையும் பார்த்தார். "இது அவசியமாய்யா?"

"விதி இருக்கு சார்."

விதி இருக்கிறது என்று நான் சொன்னால் அவர் புத்தகத்தைக் கேட்க மாட்டார். அந்த ஒரு நல்ல பெயரை முதல் தடவையாகச் சொந்த விருப்பத்துக்குப் பயன்படுத்தினேன். விதியும் இருக்கத்தான் செய்தது.

குறித்த நாளில் ஓவர்சியர் காக்கி கோட்டோடு வந்து நின்றார். கோபமாக இருந்தார். பட்டறைக்காரரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும் முயற்சி எடுத்தார்கள்.

"ஏரோப்ளேனா? எனக்கா? அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம்னு சொல்லியாச்சு சார். அதை எழுதிக்கிட்டு ஆளை விடுங்க."

"எழுதிக்கிறேன். ஆனா ஒரு வாக்குமூலத்தை மறுக்கிறதா இருந்தா, என்ன வாக்குமூலம்னு உங்களுக்குப் படிச்சுக் காட்டணும். அதுதான் முறை."

மறுக்க வேண்டிய வரி மூன்றாம் பத்தியில் இருந்தது. சாட்சி சொன்னதை நடுவிலிருந்து படிப்பது முறையாகாது. முதல் பத்தியிலிருந்து படித்தேன்.

வத்தக்குழம்பு வரும்போது அவர் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். நான் படிக்கப் படிக்க விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இருங்க. டீக்கடைக்காரரா? என்னைக்குச் சொன்னாராம்?"

"புதன்கிழமை, பகல் பதினொண்ணரை."

"எங்கிட்ட ஒன்பது மணிக்கு அந்த ஏரோப்ளேனையே பாத்ததில்லைன்னாரு." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இந்தப் பக்கத்து வீட்டு அம்மா, பொண்ணே கெடையாதுன்னுச்சு. இங்கே மக மாதிரிங்குது." நோட்டை மூடினார். "விசாரிக்க வந்த ஏட்டு என்ன உடுத்திக்கிட்டுப் போனாரு?"

"வேட்டி சட்டை. ரகசிய விசாரணைக்கு அதுதான் முறை."

ஓவர்சியர் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

"போகாத ஊருக்குப் போனேன்னு சொன்ன தபால்காரன் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் சார்! ஒருத்தனுக்கும் இவ்வளவு சுத்தமாப் பொய் சொல்லத் தெரியலை. ஒரு ஆளைப் போலீசுக்குக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு ஊரே ஒண்ணா நிக்கிதுன்னா, அது நல்ல குடும்பமாத்தான் இருக்கணும்."

"இதை வாக்குமூலத்திலே சேர்க்கணுமா?"

"வேணாம். விமானம் வேண்டாம்னு மட்டும் எழுதுங்க."

எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"'மணமகன் வீட்டார் பெண் வீட்டாரிடமிருந்து எதையும் பெற விரும்பவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அப்படி நான் சொல்லலையே. விமானம் மட்டும்தான் வேண்டாம். மத்ததைப் பத்தி அரசாங்கம் கேக்கலை, இல்லையா?"

கேட்கவில்லைதான். அந்த வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, திருத்தி எழுதினேன். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

வராந்தாவில் பட்டறைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது, முகம் காய்ந்திருந்தது. ஓவர்சியர் நேரே அவரிடம் போனார்.

"என்ன சம்பந்தி, அந்த ஏரோப்ளேனை எப்ப வெட்டப்போறீங்க? பொண்ணு பாக்க வாரப்ப வண்டி நிறுத்த எடம் வேணாமா?"

பட்டறைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"இன்னும் அனுமதி வரலைங்க, சம்பந்தி" என்றார்.