கவுஸ் வீட்டுத் திரை வளையங்கள்

வெள்ளிக்கிழமை காலை, குளியலறைத் திரை மறுபடியும் ஒரு பக்கமாகத் தொங்கியது. உடைந்த பிளாஸ்டிக் வளையங்களைப் பொறுக்கி முறத்தில் போட்டார் மெஹ்ராஜ் பேகம்.

"நம்ம கடையில பாக்கெட் பாக்கெட்டா தொங்குது. எடுத்து மாட்டு" என்றார் கணவர் முகம்மது கவுஸ்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர்களுடைய பிளாஸ்டிக் கடை. குடமோ சோப்புப் பெட்டியோ, அந்தக் கடைச் சரக்குதான் வீட்டுக்குள் வரும். கடைக்காரன் பெண்டாட்டி வேறு கடைப் பையோடு தெருவில் நடந்தால் வியாபாரம் என்னாவது? இது கவுஸின் சட்டம். திருக்கோவிலூரிலிருந்து மணமாகி வந்த நாள் முதல் மெஹ்ராஜ் அதை மீறியதில்லை.

மழைக்காலத்தில் மலைமேல் கரியாலூர் சந்தையில் சரக்கு இறக்கும்போது கவுஸ் வழுக்கி விழுந்தார். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். இன்னொரு முறை விழுந்தால் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் எச்சரித்தார். குளிக்கிற தண்ணீர் கழிப்பறைப் பக்கம் தெறிக்காமல் இருக்க மகன் ஜுல்பிகர் நடுவில் ஒரு திரை கட்டினான். துளை போட்டால் டைல்ஸ் விரியும் என்று கவுஸ் தடுத்ததால், இரு சுவர்களுக்கு நடுவே ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற கம்பியில் அது தொங்கியது.

அதன்பின் கடை ஷட்டரைத் தூக்குவதும், மலைச் சந்தைக்கு வண்டியேறுவதும் மெஹ்ராஜ்தான். ஆனால் குளியலறைக்குள் மட்டும் அவரைக் கவுஸ் விடுவதில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

இன்று, விழுந்த பிறகு முதல் தடவையாக, கவுஸ் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறார். குளித்துவிட்டுப் போக வேண்டும். நண்பகல் நெருங்க, அவர் முகச்சவரம் செய்த நேரத்தில் மெஹ்ராஜ் கொத்தமல்லி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, எதிர்த்தெரு தீனதயாளன் ஹார்டுவேர் கடையில் நுழைந்தார்.

"இன்னா பாயம்மா, பாய் கடைல வளையம் தீந்துபூடுச்சா?"

"ஸ்டீல்ல குடுங்கண்ணே. வெளிய சொல்லாதீங்க."

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? போர்டுல எழுதி வெச்சிடறேன்!"

கொத்தமல்லிக்கு அடியில் வளையங்கள் வீடு வந்தன. மாட்டும்போது திரையின் ஓரம் ஒரே இடத்தில் கசங்கியிருப்பதைக் கவனித்தார். நின்று யோசிக்க நேரமில்லை. கவுஸ் துண்டோடு வந்துவிட்டார்.

தாழ்ப்பாள் விழுந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. முறத்தைக் குப்பையில் கொட்டப்போன மெஹ்ராஜ் நின்றுவிட்டார். உடைந்த வளையங்கள் எல்லாமே வாய் பிளந்து கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. திரையிலிருந்த அந்தக் கசங்கல், குளிக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரம்.

அவர் திரையைப் பிடித்துத்தான் எழுகிறார்.

பிளாஸ்டிக் பட்டென்று விட்டுக்கொடுத்து அவரை ஸ்டூலிலேயே உட்கார்த்தியிருக்கிறது. ஸ்டீல் விடாது. எழுந்து பாதி நிற்கும்போது கம்பியோடு சேர்த்து அவரைத் தள்ளும்.

"ஏங்க! எந்திரிக்காதீங்க!"

"இது நம்ம கடை சரக்கு இல்லியே" என்றது உள்ளிருந்து குரல். "யாருகிட்ட வாங்கன?"

"அத அப்புறம் கேளுங்க. திரைய வுடுங்க! கம்பி பேத்துக்கும்!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஸ்டூலின் கால் டைல்ஸில் கீறியது.

"புடிச்சிருக்கீங்களா?"

மிகச் சின்னக் குரலில்: "பாதி எந்திரிச்சிட்டேன் மெஹ்ராஜ். ஒக்கார முடியல."

மேலே கம்பி 'கிரீச்' என்றது.

மெஹ்ராஜ் முந்தானையைச் செருகிக்கொண்டு தோளால் கதவை இடித்தார். கவுஸ் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கதவு. இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் ஸ்குரூக்களோடு பிய்ந்தது. ஈர லுங்கியில், இரண்டு கையாலும் திரையைப் பற்றித் தொங்கினார் கவுஸ். கம்பியின் ஒரு முனை சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மெஹ்ராஜ் அவர் அக்குளில் கை கொடுத்து ஸ்டூலில் இறக்கிய மறுகணம் கம்பி மெஹ்ராஜ் முதுகில் விழுந்தது. ஒரு வளையம்கூட உடையவில்லை.

இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"தெனமும் இப்படித்தானா?"

கவுஸ் சொம்பைக் கையில் எடுத்தார். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

"தலைக்கு இன்னும் ஊத்தல" என்றார்.

மெஹ்ராஜ் திரையை இழுத்துவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் சுவரோடு தாங்கிப் பிடித்து மறுபக்கம் நின்றார். உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுந்தது.

"செவுத்துல அடிக்கிற கைப்பிடி தீனதயாளன்கிட்ட இருக்குமா?" என்றார் கவுஸ்.

"டைல்ஸ் விரியுமே?"

"விரியட்டும். ஆனா என் பேரச் சொல்லி வாங்காத."

"அவரு போர்டே எழுதிக்கினு இருக்காரு. சீக்கிரம் ஊத்துங்க, கை வலிக்குது."