செல்விக்குப் போட்ட மூன்று கோடு

பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால், "பித்தம் ஏறியிருக்கும், மாத்திரை தரட்டுமா?" என்று கேட்கிற ஆள் நான். மருந்தியல் படித்து, விருத்தாசலத்தில் வெகுகாலம் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் சீட்டில் மருந்து வேளையை லத்தீன் சுருக்கத்தில்தான் எழுதுவார்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரைக் கவரில் வேளைக்கு ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன். பீங்கான் கம்பெனியில் மண் பிசைகிற செல்விக்குச் சர்க்கரை மாத்திரை, ஓ.டி. கூட்டமான நேரம், கைப்பழக்கத்தில் மூன்று கோடு போட்டுவிட்டேன். அவளும் மூன்று வேளை போட்டிருக்கிறாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, சூளைப் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போனாள்.

அவள் புருஷன் ஆறுமுகம் வந்து கேட்டார். கவரைத் தொலைத்திருந்தார்கள், எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"நான் ஒண்ணுதான் போடச் சொன்னேன். உங்க சம்சாரம்தான் மாத்திப் போட்டுக்கிச்சு."

"படிக்காத கழுத, சொன்னா கேட்டாத்தானே!" என்று செத்தவளைத் திட்டிக்கொண்டே போனார்.

போன சித்திரையில், உச்சி வெயிலில், முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்த கையோடு ஒருத்தி கடை வாசலில் நின்றாள். நிமிர்ந்து பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, எங்கூட்டுக்காரரு இன்னமும் என்னைத்தான் திட்டிக்கிட்டிருக்காரு. அவருகிட்ட உண்மையச் சொல்லலாம்னு ஒரு நாளாவது உங்களுக்குத் தோணுச்சா? இனிமே தோணும். ஆனா சொல்ல வராது."

இருமல் மருந்து வாங்க வந்த மங்கலம்பேட்டை பாய் என் தோளைத் தொட்டார். "என்ன சார், வெயில்ல தனியா பேசிக்கிட்டு?"

மறுநாளே கம்மாபுரம் போய் ஆறுமுகத்தின் எதிரில் உட்கார்ந்தேன். என் தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான் ஒண்ணுதான் போடச் சொன்னேன், உங்க சம்சாரம்தான் மாத்திப் போட்டுக்கிச்சு" என்று வந்தது. மறுபடியும், மறுபடியும் அதேதான். "அதான் அப்பவே சொன்னீங்களே சார்" என்று பெருமூச்சு விட்டார்.

எழுதிக்கொண்டு போனேன். அவர் மகள் வாய்விட்டுப் படித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாளில் "தப்பு என்னுடையது" என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் படித்தாள்: "அம்மாதான் மாத்திப் போட்டுக்கிச்சாம்பா."

இப்போது இதையும் எழுதியிருக்கிறேன். செத்தது யார் தப்பால் என்று இதில் நீங்கள் படித்தீர்கள்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.