அக்கா கழுவ மறுத்த கோப்பைகள்

எங்களை ஆளாக்கிய அன்பு அக்கா கண்மூடி இன்று முப்பத்தொரு நாட்கள். அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்க்கும் நண்பர்க்கும் தம்பியாகிய நான் வணக்கம் சொல்கிறேன். அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதும்படி பலர் கேட்டார்கள். அக்கா பொறுமைசாலி அல்லர், கோபக்காரர். அந்தக் கோபம் எங்கே பிறந்தது, அதை நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். மனம் புண்படுகிறவர்கள் புண்படட்டும்.

அக்கா யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஒரு தபால் ஊழியரின் மூத்த மகளாகப் பிறந்தார். ஐயா காலமானபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினேழு. பல்கலைக்கழகக் கனவை மடித்து வைத்துவிட்டு, ரியூற்றறி என்னும் தனியார் வகுப்பு ஒன்றில் வரலாறு படிப்பித்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பியவர்களில் அவரும் ஒருவர். கிழக்கு பேர்ளினில் இறங்கி மேற்கு பேர்ளினுக்குள் நுழைந்து அகதியாகப் பதிந்தார்.

அகதிகள் வேலை செய்ய அங்கே அனுமதி இல்லை. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள், ஒரு முதிய விதவையின் வீட்டைத் துப்புரவு செய்யும் வேலையை அக்கா களவாகச் செய்தார். அந்த அம்மையார் கைசர் மன்னர் ஆண்ட காலத்தில் பிறந்தவர். கைசர் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். அவர் போனபின் வந்த குடியரசு வெறும் சந்தைக் கூச்சலாம். பிறகு ‘அவர்’ வந்து ஒழுங்கைத் திருப்பித் தந்தாராம். இதைக் கேட்டுக்கேட்டு எரிச்சலடைந்த அக்கா, பதில் சொல்வதற்காகவே ஜேர்மன் மொழியைப் படித்தார். அகராதியும் கையுமாக நூலகத்தில் இருந்து அந்த நாட்டின் வரலாற்றைத் தோண்டினார்.

அந்தச் சர்வாதிகாரியின் பெயரை அக்கா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, ‘அவன்’ என்பார். அவருடைய மலரிலும் அந்தப் பெயர் அச்சேற வேண்டாமென்று விட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் பூ வேலைப்பாடு செய்த பீங்கான் கோப்பைகள் ஒரு செற் இருந்தது. அதை ஒவ்வொன்றாகத்தான் எடுத்துக் கழுவுவாராம், அவ்வளவு மெல்லிசு. எங்கே வாங்கியது என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். நடந்ததை அக்கா எனக்குச் சொன்னபடியே தருகிறேன்.

“ஏலத்திலை எடுத்தது எண்டாள் கிழவி. மேல்மாடியிலை இருந்த யூதக் குடும்பத்தின்ரை சாமானாம். அவை போனாப் பிறகு அரசாங்கம் வித்ததாம். எங்கை போனவை எண்டு கேட்டன். கூட்டிக்கொண்டு போட்டாங்களாம். அவை திரும்பி வந்து கேட்டிருந்தால் என்ன செய்திருப்பீங்கள் எண்டன். ‘ஆர் வாறது?’ எண்டாள். தம்பி, அவள் கெட்ட மனுசியில்லை. எனக்குக் குளிர் எண்டு தன்ரை கம்பளிச் சட்டையைத் தந்தவள். அவள்தான் சொல்லுறாள், ஆர் வாறது எண்டு.”

அக்கா கையிலிருந்த கோப்பையை ஈரத்தோடு மேசையில் வைத்தார். “இதுகளை நான் கழுவமாட்டன்” என்றார். அன்றோடு அந்த வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்கும்வரை அகதி முகாமில் தந்த சாப்பாட்டோடு மாதக்கணக்காக இருந்தார்.

பின்னர் கனடாவுக்கு வந்து, பார்க்டேலில் ஓர் ஒற்றை அறையில் நான்கு பெண்களோடு தங்கி, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நின்று உழைத்து, என்னைக் கூப்பிட்டது அக்காதான். நான் வந்து சேர்ந்த கிழமையில் நடந்ததை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம் மக்களை, துவக்கேந்தி வந்த எங்கள் தமிழ் இயக்கத்தவர்கள் ஓரிரு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் உடுத்த உடுப்போடு போனார்கள். எங்கள் தெரு முடிவில் தையல்கடை வைத்திருந்த, நாங்கள் ‘நானா’ என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணனும் குடும்பத்தோடு போனார். அக்காவின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்தவர் அவர். பின்னர் அவர்கள் விட்டுச் சென்ற சாமான்கள் விலைக்கு வந்தன. நானாவின் தையல் மெஷினை நான் வாங்கினேன். பார்க்டேல் அறையில் சோறு சாப்பிட்டபடி, நல்ல மெஷின், சும்மா விலைக்குக் கிடைத்தது என்று அக்காவிடம் பெருமையடித்தேன்.

அக்கா சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்தார். பேர்ளின் கதையை எனக்கு அப்போதுதான் முதன்முதல் சொன்னார். முடித்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டார். “நானா திரும்பி வந்தால் என்ன சொல்லுறதெண்டு நினைச்சனீ?”

நான் நினைத்துப் பார்க்கவேயில்லை என்பதுதான் உண்மை. மூன்று கிழமை அக்கா என்னோடு கதைக்கவில்லை. எனக்குச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஆண்டுகள் ஓடின. என் கல்யாணம், மார்க்கம் நகரில் என் வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் அக்கா நின்றார். தாம் கல்யாணம் செய்யவில்லை. ஓய்வுபெற்றபின் மில்லிக்கன் பகுதியில் ஒரு கடைத்தொகுதியில் இயங்கும் முதியோர் சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தின் பொங்கல் விழாவில்தான் தலைவர் ஒலிவாங்கியில் சொன்னார், எங்கடை சனம் திருந்த வேணுமெண்டால் ஜேர்மனியிலை வந்தவனைப் போலை ஒருத்தன் வரவேணும் என்று. சபை கைதட்டியது. இம்மலரை வைத்திருக்கும் கைகள் சிலவும் அன்று தட்டியவைதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்தார். “அண்ணை, அவன் எப்பிடி வந்தவன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரியாட்டில் ஆறு சனிக்கிழமை தாங்கோ, நான் சொல்லுறன்.” சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தபடி சம்மதித்தார்.

ஐந்து சனிக்கிழமைகள் அக்கா பேசினார். றோல்ஸும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்று வந்தவர்கள்கூடப் பிறகு கதை கேட்க வந்தார்கள். கீழ்ப்படிவதையே பெருமையாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த கைசரின் நாட்டை முதலில் சொன்னார். போர் தோற்கப்போகிறது என்று தளபதிகளுக்குத் தெரிந்தும் சனத்துக்கு மறைத்ததையும், கைசர் ஒல்லாந்துக்கு ஓடியதும் தோல்விக் கடதாசியில் கையெழுத்துப் போட்டவர்கள் மீது துரோகிப் பட்டம் கட்டியதையும் சொன்னார். மன்னர் போனார், மன்னரின் நீதிபதிகளும் அதிகாரிகளும் அதே கதிரைகளில் இருந்து குடியரசை வெறுத்தார்கள் என்றார். வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு அவசரகாலக் கட்டளைகளால் ஆண்டதையும், அவனைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கலாம் என்று நினைத்துப் பிரபுக்களும் பணக்காரரும் அவன் கையில் ஆட்சியைக் கொடுத்ததையும் விளக்கினார். சீருடைக்காரர் சூழ்ந்து நிற்க, ஒரேயொரு கட்சி மட்டும் எழுந்து மறுக்க, நாடாளுமன்றம் தன் அதிகாரத்தைத் தானே அவனுக்கு எழுதிக் கொடுத்த நாளைச் சொன்னபோது, கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

“போட்டி இருந்த எந்தத் தேர்தலிலையும் அவனுக்குப் பாதி வாக்குக் கிடைக்கேல்லை. மிச்சப்பேர் என்ன செய்தவை? அதை வாற சனிக்கிழமை சொல்லுறன். அயலட்டைச் சனத்தின்ரை சாமானை ஏலத்திலை எடுத்தவையின்ரை கதை. அங்கத்தைக் கதையும் சொல்லுவன், எங்கடை கதையும் சொல்லுவன்” என்று முடித்தார்.

புதன்கிழமை தலைவர் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“தங்கச்சி, ஜேர்மன்காரன்ரை கதையைச் சொல்லுங்கோ. எங்கடையை ஏன் கிளறுறியள்?”

“எங்கடை இல்லாமல் அந்தக் கதை என்னத்துக்கு அண்ணை?”

“சங்கம் உடைஞ்சுபோம்.”

“உடையட்டும். நாடு உடைஞ்சுபோம் எண்டுதான் அங்கையும் எல்லாரையும் வாய்பொத்தச் சொன்னவை.”

சனிக்கிழமை மண்டபம் கிடைக்கவில்லை. ஆறாவது பேச்சை என் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ற்றில் வைத்தோம். எட்டுப் பேர் வந்தார்கள். கோப்பைகளைப் பற்றி அக்கா சொன்னார். வண்ணார்பண்ணையைப் பற்றியும் சொன்னார். எங்கள் வீட்டு மெஷினைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமல் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். எழும்பினேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதன்பின் அக்காவுக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அறியாததுபோல் இருக்காதீர்கள். துரோகி என்று தொலைபேசியில் திட்டினார்கள். சங்க அங்கத்துவம் நீக்கப்பட்டது. கோயிலுக்குக் காரில் ஏற்றிப்போனவர்களுக்குத் திடீரென்று காரில் இடமில்லாமற் போயிற்று. வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். கைதட்டிய சபையிலிருந்து எத்தனை பேர் வந்து பார்த்தீர்கள்? இறுதிக் கிரியையில் மட்டும் மண்டபம் நிறைந்து வழிந்தது. அதே தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, அறிவுச் சுடர் அணைந்தது என்று அழுதார். இம்மலருக்கென்று அனுதாபச் செய்தியும் அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டேன். செத்தபின் புகழ்வதற்குத் துணிச்சல் தேவையில்லை.

ஆனால் அவரைத் திட்டும் உரிமை எனக்கு முழுதாக இல்லை. மன்னாரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அன்று பேஸ்மென்ற்றுக்கு வந்த எட்டுப் பேரில் ஒருவர், தமது உறவினர் மூலம் புத்தளத்தில் நானாவின் மகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தொலைபேசி இலக்கத்தை வாங்கித் தந்திருந்தார். அக்கா அதை என்னிடம் தந்து, “நீ எடுத்துக் கதை. எனக்காக இல்லை” என்றார். அக்கா உயிரோடு இருக்கும்வரை நான் எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மறுநாள் எடுத்தேன்.

நான் யார் என்று சொன்னேன். மெஷினைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“வாப்பா மௌத்தாகிக் கனகாலம்,” என்று தந்தை இறந்ததைச் சொன்னார். “அவர் மெஷினைப் பற்றி ஒருநாளும் கவலைப்படேல்லை. நாங்கள் லொறியிலை ஏறேக்கை நீங்கள் உங்கடை வீட்டு வாசல் படலையிலை நிண்டனீங்கள். வாப்பா உங்களுக்குக் கை காட்டினவர். நீங்கள் உள்ளுக்குப் போயிட்டீங்கள். சாகுமட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்.”

அது உண்மை. நான் உள்ளே போனேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவை இரவும் பகலும் தாயைப்போலப் பராமரித்த பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதிக்கு நன்றி. பனியென்றும் பாராமல் மார்க்கம் வந்து பேஸ்மென்ற்றில் இருந்து கேட்ட எட்டுப் பேருக்கும், அக்காவின் கட்டிலருகே இருந்து தேவாரம் பாடிய ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்த, அக்கா இருந்த கட்டடத்து மேல்வீட்டுக் குடும்பத்துக்கும் நன்றி.

புத்தளத்துச் சகோதரிக்கும் நன்றி. மன்னித்ததற்காக அல்ல, அவர் மன்னிக்கவில்லை. தொலைபேசியை வைக்காமல், யாரும் என்னிடம் சொல்லாத உண்மையை என்னிடம் சொன்னதற்காக.

என்றும் அக்காவின் தம்பி,
மார்க்கம்.