கல்லாற்றில் தின்ற இரண்டு துண்டு

"சாரே, பன்னி எறச்சி தின்னுவியளா?"

தம்பானூரில் ஒரு சின்ன மருத்துவ லேபில் வேலை பார்க்கும் லிபி, மலப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணராமனிடம் முதலில் கேட்டது அதுதான். அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் கோட்டைக்குள்ள அக்ரஹாரம்."

"அது நெத்தியப் பாத்தாலே தெரியுது. தின்னுவியளா?"

"ஒரே தடவை. ஓணத்துக்கு ஆபீஸ்ல எல்லாரும் கல்லாறு போனோம். ஷாஜி கம்பியில குத்தி, கனல்ல சுட்டுக் கொடுத்தான். ரெண்டு துண்டு."

"உள்ள செவப்பா இருந்துதா?"

"இருந்தது. மாம்சம்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

லிபி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பாறசாலையில் அவள் வீட்டுச் சின்னப் பிள்ளைகூட அந்த வேகாத துண்டைத் துப்பியிருக்கும்.

"பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல. நாடாப்புழுதான், டாக்டர் தாற மருந்துல போயிரும். ஆனா அடுத்த டெஸ்ட் வரைக்கும் ஒருத்தருக்கும் கையால சோறு குடுக்காதிய. அதோட முட்டை கைவழியா அவங்க வயித்துக்குப் போச்சுன்னா, மூளையிலகூடக் கட்டியா வந்து உக்காரும்."

ரிப்போர்ட்டைச் சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் மறுபடி வந்தார். மருந்து சாப்பிட்டாயிற்று. கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மெல்ல மெல்லச் சொன்னார்.

நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா பாகீரதிக்குப் பக்கவாதம் வந்து ஏழு வருடமாகிறது. ஸ்பூனை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாள். மகன் தயிர்சாதத்தை உருட்டி ஊட்டினால்தான் உள்ளே இறங்கும். அதற்காகவே மதியம் ஆபீஸிலிருந்து பழவங்காடி வழியாக வீட்டுக்கு ஓடுவார், ஓடி வருவார். கல்லாறு போன அன்று சித்தி துணைக்கு இருந்தும் அம்மா பாலோடு சரி. ஆற்றில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இன்று ஒருநாள் மட்டும் வேறு யாராகவாவது இருக்கலாமே என்று தோன்றியதாம். கை தானாக நீண்டுவிட்டது.

இப்போது அந்தக் கையால் ஊட்ட முடியாது. ஊட்டாமல் விட்டால் அம்மா பட்டினி, மூன்று நாளாக வெறும் பால்தான். உண்மையைச் சொன்னாலோ, புழு போன பிறகும் அந்தக் கையிலிருந்து ஒரு பருக்கை வாங்கமாட்டாள்.

எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

"ஒரு உபகாரம் பண்ணணும். லேப்லேருந்து பேசறேன்னு அம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்கோ. எனக்குக் கையில சொறி, ஒட்டிக்கும், லேப்ல சொல்ற வரைக்கும் ஸ்பூனால சாப்பிடணும்னு சொல்லுங்கோ. பொய்தான். நானே சொல்லிடுவேன், ஆனா என் மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும்."