'கட்' சொன்ன பிணம்

மாம்பலம் ஸ்டேஷன் படியில் கூட்டத்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோது ரகுவிடமிருந்து போன். "கீதா போயிட்டாடா" என்றான். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து சில மாதங்களாகவே நாங்கள் எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள்.

ரகுவும் அவன் மனைவி கீதாவும் நானும் கல்லூரிக் கால நண்பர்கள். அவள் இயக்கியது 'நானூறு அடி' என்ற ஒரே படம்; நான் எடிட்டர். படத்தில், தி.நகர் ஃபிளாட் ஒன்றில் தண்ணீர் வற்றிப்போக, போர்வெல்லை ஆழப்படுத்துகிறார்கள். தண்ணீரோடு வேறு ஏதோ ஒன்றும் மேலே வந்து, குடித்தவர்களை உள்ளிருந்தே தின்கிறது.

அவள் போன பிறகு இப்போது எல்லோரும் அதை ஆகா ஓகோ என்று எழுதுகிறார்கள். கீதாவுக்குப் பிடித்திருக்காது. "குறைய மொதல்ல சொல்லு, பாராட்டு எங்கயும் ஓடிப்போகாது" என்பாள். சொல்கிறேன். அந்த ஜந்து, கால் முளைத்த பலாப்பழம். விஞ்ஞானியாக வருபவர் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவார். ஆனால் ஜந்து கண்ணில் படாத முதல் பாதியில் வெறும் குழாய்தான். திறந்தால் காற்று மட்டும் சீறும். சென்னையில் ஒரு கோடையைக் கழித்தவருக்கு அந்தச் சத்தம் போதும்.

படத்தில் வரும் அம்மா செத்துக் கிடக்கும் காட்சிக்கு நடிகை வரவில்லை. கீதாவே ஈரத்தரையில் படுத்துக்கொண்டாள். 'கட்' சொல்லும் உரிமையை மட்டும் யாருக்கும் தரவில்லை. ஷாட் முடிந்ததும் பிணமே கண்ணைத் திறக்காமல் "கட்" என்றது. சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் சிரித்தோம், கேமராமேன் காசிமைத் தவிர.

"மேடம், பொணமா நடிச்சவங்க கேமராவ பாத்து ஒரு தபா சிரிச்சிடணும். இல்லாங்காட்டி உசுருக்கு ஆவாது."

"எடுக்கறது சயின்ஸ் படம் காசிம். அடுத்த ஷாட் வைங்க."

படத்தில் அவள் உதடு பிரியத் தொடங்குவது தெரியும். வெட்டப் போனேன், தடுத்தாள். "இருக்கட்டும்டா. செத்தவ ஏதோ சொல்ல வரான்னு பயப்படட்டும்." விமர்சகர்கள் கிண்டலடித்தார்கள். படத்திலேயே என்னைப் பயமுறுத்தும் இடம் அதுதான்.

அவர்களுடைய மயிலாப்பூர் வீட்டில் ரகு என்னைத் தனியே இழுத்துப் போனான். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். நல்ல நேரம், கெட்ட நேரம்கூடப் பார்க்காதவன்.

"அன்னிக்கு காசிம் சொன்ன மாதிரி ஷாட் முடிஞ்சு சிரிச்சாளாடா? எடுத்ததெல்லாம் உன்கிட்டதானே இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லடா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

ஐஸ் பெட்டியின் அருகில் போய் நின்றேன். யாரோ "எடுக்கலாமா?" என்று கேட்டார்கள். "கொஞ்சம் இருங்க" என்றேன். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடையதாக என்னிடம் இருப்பது, படத்தில் சேராத அந்தச் சில விநாடிகள். "கட்" என்கிறாள். எழுந்து உட்கார்கிறாள். ஈரத்தலையைப் பிழிகிறாள்.